திண்டிவனத்து இரவும் செவிலியர் உயர்கல்வியும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் திண்டிவனமும் விழுப்புரமும் நம்மில் பலருக்கு வெறும் நிறுத்தங்களே. பேருந்து நிற்கும், தேநீர் அருந்துவோம், புதுவைக்கும் திருச்சிக்கும் திருவண்ணாமலைக்கும் வழிகள் பிரியும், நாமும் நம் வழியே போய்விடுவோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். இப்பகுதியில் பிறந்து, செவிலியராகப் பயின்று, இரவுப் பணிக்கும் வீட்டுப் பணிக்கும் இடையே மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பெண்கள் இன்று பலர். அவர்கள் நிரப்பும் விண்ணப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதல் ஏடு வேறெங்கும் அன்று, திண்டிவனத்திலேயே எழுதப்பட்டது என்பதை நம்மவருள் சிலரே அறிவர். அதனை நினைவுகூர்வதும், அந்நினைவு நம்மிடம் கேட்கும் கேள்வியை எதிர்கொள்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் இரவு

அமெரிக்க ஆற்காடு மறைப்பணிக் கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் பணியாற்றி வந்தார். அவருடைய தந்தையாரும் மருத்துவரே. 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத் தமிழரிடையே பணி தொடங்கி, பின்னர் சென்னைக்குப் பெயர்ந்தவர். இக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பெண்ணே ஐடா ஸ்கடர். 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்த ஐடா, நோயுற்ற தம் தாயைக் கவனிக்கும் பொருட்டு 1890இல் திண்டிவனம் வந்து சேர்ந்தார். தாய் நலம்பெற்றதும் அமெரிக்கா திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். தம் குடும்பத்தார் செய்துவந்த பணியில் தாமும் வாழ்நாளைக் கழிக்க அவர் விரும்பவில்லை.

அந்நாள்களில் ஓர் இரவு. ஐடா விளக்கருகே அமர்ந்திருக்கையில் வாசலில் காலடி ஓசை கேட்டது. வந்தவர் ஓர் இளம் பிராமணர். பேறுகால வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வரவேண்டும் என்று அவர் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையே மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா கூறினார். பிற ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைக் காண்பது முறையன்று என்று சொல்லி வந்தவர் திரும்பிவிட்டார். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார், அவர் இசுலாமியர். அதே வேண்டுகோள், அதே மறுமொழி. மூன்றாவதாக மற்றொரு இந்துக் குடும்பத்தார் வந்தார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார். பொழுது விடிந்ததும் ஊருக்குள் சாவுப் பறை கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை மறையுரைகளிலும் பள்ளி விழாக்களிலும் கேட்டிருக்கலாம். பெரும்பாலும் இது ஓர் அழைப்பின் கதையாகவே சொல்லப்படுகிறது. அது தவறன்று. ஆயினும் அந்த இரவில் அவ்வீட்டில் எது இருந்தது, எது இல்லாமற்போயிற்று என்று நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இரக்கம் இருந்தது. வந்தவர்களின் கண்ணீரைக் கண்டு ஐடாவும் கலங்கினார். செல்ல மனமும் இருந்தது. அவரை அழைத்தவர்களோ கதவைத் தட்டி நின்றார்கள். இல்லாதது ஒன்றே: கல்வி. அன்பு மட்டும் போதுமாயின் அம்மூவரும் பிழைத்திருப்பர். இரக்கமுள்ள இளம்பெண் ஒருத்தி பயிற்சியற்றவளாய் இருந்தமையால் அன்றிரவு மூன்று வீடுகளில் விளக்கு அணைந்தது. ஐடாவும் இதனை அவ்வாறே புரிந்துகொண்டார். ஆகவேதான் அழுது ஓயவுமில்லை, வேண்டுதலோடு நிற்கவுமில்லை; தாம் மருத்துவம் பயிலப் போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

விண்ணப்பங்களின் காலம்

1895இல் பிலடெல்பியா நகரின் மகளிர் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். நியூயார்க் நகரில் கார்னெல் பல்கலைக்கழகம் தொடங்கிய மருத்துவக் கல்லூரி மகளிருக்கும் இடமளித்தபோது, இறுதி ஆண்டுக்கு அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். மன்ஹாட்டனைச் சேர்ந்த வங்கியாளர் ராபர்ட் ஷெல் என்பவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலர் நன்கொடையோடு, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தாயகம் போன்ற தமிழகத்துக்குத் திரும்பினார். இம்முறை பணியிடம் வேலூர். அங்கு ஒரு சிறு அறையில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணி, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக உயர்ந்தது.

மருத்துவமனை எழுந்த சில ஆண்டுகளிலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. அறுவை மருத்துவம் செய்பவர் நோயாளியின் அருகில் இருப்பது ஒரு மணி நேரம். எஞ்சிய இருபத்துமூன்று மணி நேரமும் அவ்வுயிரைக் காப்பவர் செவிலியர். காய்ச்சல் ஏறுவதை முதலில் காண்பவரும், குருதிப்போக்கை முதலில் உணர்பவரும், குழந்தையின் மூச்சு மாறுவதை முதலில் கேட்பவரும் அவரே. எனவே 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்கச் செவிலியர் டீலியா ஹௌட்டன் அதற்குத் துணைநின்றார்.

அக்காலத்தில் இப்பணியை நம் சமூகம் எவ்வாறு கருதியது என்பதை மறைப்பதற்கில்லை. பிறர் உடலைத் தீண்டுவதும், குருதியையும் மலத்தையும் துடைப்பதும் தாழ்ந்த சாதியாரின் தொழில் என்றே எண்ணப்பட்டது. இரவில் வெளியே தங்கும் பெண்ணின் ஒழுக்கம் ஐயுறப்பட்டது. ஆகவே தொடக்கக் காலத்தில் இப்பயிற்சிக்கு வந்தவருள் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களாகவும் ஆதரவற்ற விதவைகளாகவுமே இருந்தனர். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871 முதலே செவிலியர் பயிற்சிக்கு முயற்சிகள் நடந்திருந்தன. எனினும் செவிலியரும் மருத்துவச்சியரும் சட்டப்படி பதிவுபெற்ற தொழிலராக ஏற்கப்பட்டது 1926ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தால்தான்.

பெண்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்ற வாதமும் அன்று வலுவாக இருந்தது. 1918இல் வேலூரில் மகளிருக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கியபோது, விரல்விட்டு எண்ணத்தக்க விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்று பலரும் எண்ணினர். வந்த விண்ணப்பங்கள் 151. சேர்த்துக்கொள்ளப்பட்டவர் சிலரே. முதல் தேர்வை எழுதிய பதினான்கு பெண்களும் தேர்ச்சி பெற்றனர். அவ்வாண்டு ஆடவர் பள்ளிகளில் தேர்ச்சி பெற்றவர் ஐவருள் ஒருவர் என்ற அளவினரே. கதவு மூடியிருந்தவரை தட்டுவோர் இல்லை என்று தோன்றியது. கதவைத் திறந்ததும் வரிசை நின்றது. நம் நாட்டுப் பெண் கல்வியின் வரலாறு முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும் எனின் மிகையாகாது.

நம் திருச்சபை கற்றுக்கொண்ட பாடம்

இது சீர்திருத்தச் சபையாரின் வரலாறு, கத்தோலிக்கராகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று வாசகர் வினவலாம். நம் பக்கத்திலும் இதே கதவு, இதே தட்டல், ஆனால் சற்று நீண்ட காத்திருத்தல் இருந்தது.

ஸ்காட்லாந்து நாட்டவரான அக்னெஸ் மக்லாரன் என்னும் அம்மையார் 1837இல் பிறந்தவர். பிரான்சு நாட்டின் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவிய அவர், வட இந்தியாவில் இராவல்பிண்டி நகரின் இசுலாமியப் பெண்கள் ஆடவ மருத்துவரை நாட இயலாமல் இறப்பதை அறிந்து, 1909இல் அங்கு பெண்களுக்கான மருத்துவமனை எழக் காரணமானார். திண்டிவனத்துக் காட்சியே அங்கும். ஆனால் அங்கு மற்றொரு தடையும் இருந்தது. துறவற சபைகளைச் சேர்ந்தோர் மருத்துவத் தொழில் செய்வதைத் திருச்சபையின் விதிகள் நெடுங்காலமாகத் தடுத்து வந்தன. பேறுகாலப் பணியோ அருட்சகோதரியருக்கு அறவே விலக்கப்பட்டிருந்தது. எந்த வேளையில் ஒரு பெண்ணின் உயிர் மிகுந்த ஆபத்தில் இருக்கிறதோ, அந்த வேளையில் அருகிலிருந்த சகோதரி ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. மக்லாரன் அம்மையார் முதுமையிலும் பலமுறை உரோமைக்குச் சென்று இத்தடையை நீக்குமாறு வேண்டினார். தடை நீங்குமுன்னரே 1913இல் அவர் மறைந்தார்.

அவர் தட்டிய கதவை வேறு இருவர் தொடர்ந்து தட்டினர். ஆஸ்திரியா நாட்டு அன்னா டெங்கல் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டு, அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் பயின்று, 1920இல் இராவல்பிண்டி வந்தார். 1925இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, மக்லாரனைப் பற்றிய சிறு நூலொன்றைப் படித்து உள்ளம் தூண்டப்பெற்று, 1920இல் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். திருத்தந்தையின் தனி இசைவோடு துறவியாகவும் மருத்துவராகவும் பணியாற்றிய அவர், உள்ளூர்ப் பெண்களை மருந்தாளுநராகவும் மருத்துவச்சியராகவும் செவிலியராகவும் பயிற்றுவித்தார். 1943இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் அவரால் உருவாயிற்று.

1936ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னை விழாவன்று, மறைபரப்புப் பேராயம் ஓர் அறிவுரை மடலை வெளியிட்டது. தாய்மாரையும் சேய்களையும் காக்கும் பணியில் சகோதரிகள் ஈடுபடலாம் என்று அது இசைவளித்தது. அத்தோடு நில்லாமல், அப்பணிக்கு உரிய மருத்துவ, செவிலியர் சான்றுகளை அவர்கள் முறைப்படி பெறவேண்டும் என்றும் அறிவுறுத்தியது. நல்ல மனமும் செபமும் உள்ளவர் கல்வியும் பெற்றிருக்க வேண்டும் என்பதைத் திருச்சபை தன் மகளிருக்கு ஒரு கடமையாகவே ஆக்கிற்று. 1993 முதல் அதே நாளை உலக நோயாளர் நாளாக நாம் கொண்டாடி வருகிறோம். அந்நாளில் நோயாளருக்காகச் செபிக்கும் நாம், 1936இன் இப்பாடத்தையும் நினைப்பது நன்று.

பட்டம் வந்த கதை

இவ்வளவு நடந்தும் செவிலியர் கல்வி நீண்ட காலம் மருத்துவமனைகளின் நிழலிலேயே இருந்தது. மாணவி என்ற பெயரில் சேர்ந்த பெண், பகலெல்லாம் உழைத்து, இரவில் சோர்ந்த கண்களோடு பாடம் கேட்டாள். அவள் கற்க வந்தவளா, கூலியின்றி உழைக்க வந்தவளா என்ற கேள்வி உலகமெங்கும் எழுந்தது. அமெரிக்காவில் இதற்கு விடையாகப் பல்கலைக்கழகங்கள் முன்வந்தன. 1907இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் மேரி அடிலெய்டு நட்டிங் என்னும் செவிலியர் பேராசிரியரானார். உலகில் அப்பதவியை எய்திய முதற் செவிலியர் அவரே. 1923இல் யேல் பல்கலைக்கழகம் செவிலியருக்கெனத் தனிக் கல்விக்கூடம் கண்டது.

இந்தியாவின் நிலையை 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை அம்பலப்படுத்தியது. சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைக்கப்பட்ட அக்குழு, நாடு முழுவதற்கும் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேரே என்றும், ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற நிலையே நிலவுகிறது என்றும் கண்டது. எண்ணிக்கையை உயர்த்துவதோடு, செவிலியருக்குப் பல்கலைக்கழகப் பட்டக் கல்வியும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதே 1946இல் இரண்டு இடங்களில் அப்பட்டப்படிப்பு தொடங்கிற்று. ஒன்று தலைநகர் தில்லியில். பின்னாளில் நாட்டின் முதல் நலவாழ்வு அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. மற்றொன்று சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து வேலூரில். திண்டிவனத்து இரவில் விழுந்த விதை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப்பின் செவிலியர் பட்டமாக விளைந்தது. ஐடா அதனைக் கண்ணாரக் கண்டார். 1960ஆம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில் அவர் மறைந்தார்.

இங்கே ஓர் ஒப்பீடு நம்மைத் தலைநிமிரச் செய்யும். செவிலியர் கலையின் தாய்வீடு என்று போற்றப்படும் பிரிட்டனில் செவிலியருக்கான பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு எடின்பரோ நகரில் தொடங்கியது 1960இல்தான். நம்மை ஆண்டவர் நாட்டைவிடப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே வேலூரிலும் தில்லியிலும் நம் பெண்கள் பட்ட வகுப்பில் அமர்ந்தனர். 1959இல் தில்லிக் கல்லூரி முதுகலைப் படிப்பையும் தொடங்கியது. 1960களின் இறுதியில் வேலூரிலும் அது வந்தது. பட்டயம் பெற்ற செவிலியர் மேலும் இரண்டாண்டு பயின்று பட்டம் பெறும் வழியும் அந்தப் பத்தாண்டுகளில்தான் திறந்தது. 2000களின் நடுப்பகுதியில் முனைவர் பட்டத்துக்கான தேசியக் கூட்டமைப்பு ஒன்றை இந்தியச் செவிலியர் மன்றம் ஏற்படுத்தியது. ஏணி ஒன்று படிப்படியாக அமைந்துவிட்டது. அதில் ஏறுவோர் நிலை என்ன?

இன்று ஏறுவோர்

அன்றைய தென்னார்க்காட்டின் பகுதியாயிருந்த விழுப்புரம், 1993இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அருகிலுள்ள புதுவையில் ஜிப்மர் நிறுவனம் 2006இல் செவிலியர் கல்லூரியைத் தொடங்கியது. விழுப்புரம் சந்திப்பிலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் இருப்புப்பாதை, வேலூரை நமக்கு நேராக இணைக்கிறது. திண்டிவனத்தில் கற்க வழியின்றி ஐடா கப்பலேறிய காலத்தோடு ஒப்பிட, இன்றைய நிலை பெரிதும் உயர்ந்ததே.

ஆயினும் வழி எளிதன்று. முதுகலைச் செவிலியப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர் பட்டம் பெற்றவராகவும், பதிவுபெற்ற செவிலியராகவும் இருக்கவேண்டும். பட்டத்தில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணியனுபவமும் வேண்டும் என்பது செவிலியர் மன்றம் வகுத்த நெறி. மருத்துவ-அறுவைச் செவிலியம், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம் என்னும் ஐந்து துறைகளுள் ஒன்றை அவர் தெரிந்துகொள்கிறார். இரண்டாண்டுப் படிப்பில் ஆய்வேடு ஒன்றும் எழுதவேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுவோர்க்கு ஆங்கிலத் தேர்வு, பதிவு மன்றத்தின் சான்று, பயின்ற ஒவ்வொரு பாடத்துக்குமான மணிநேரக் கணக்கு என்று மேலும் பல தேவைப்படுகின்றன.

எமக்கு அறிமுகமான செவிலியர் ஒருவர் திண்டிவனத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, பட்டயம் பெற்று, தனியார் மருத்துவமனை ஒன்றில் பணியேற்றார். பின்பு இரண்டாண்டு பயின்று பட்டமும் பெற்றார். முதுகலைக்கு அவர் ஆயத்தம் செய்தது எவ்வாறு என்பதை அவரே சொல்லக் கேட்டோம். இரவுப் பணியில் நள்ளிரவுக்குப்பின் நோயாளிகள் கண்ணயரும் வேளையில், வார்டின் மேசை விளக்கின்கீழ் புத்தகத்தைத் திறப்பாராம். ஒரு பக்கம் முடியுமுன் ஒரு படுக்கையிலிருந்து அழைப்பு வரும். திரும்பி வந்து அதே பக்கத்தை மீண்டும் தொடங்குவார். மருந்துகளும் நோய்களும் அவருக்குக் கடினமாய் இல்லை; அவற்றை அன்றாடம் கண்டவர் அவர். ஆய்வு முறையும் புள்ளியியலும்தாம் அச்சுறுத்தின. அவற்றைச் சொல்லித்தர ஆள் இல்லை. தமிழில் விளக்கும் நூலும் கைக்குக் கிட்டவில்லை.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அந்த முன்மாதிரி நம்மிடையே தொடராமற்போனமைக்கு இத்தகைய பெண்கள்தாம் விலை கொடுக்கின்றனர்.

இறுதியில் அவரைத் தடுத்தது புள்ளியியலும் அன்று. விண்ணப்பத்தோடு காட்டவேண்டிய மூலச் சான்றிதழ்களைப் பணியில் சேரும்போதே அம்மருத்துவமனை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தக் காலம் முடியாமல் தர இயலாது என்றனர். அவ்வாண்டு விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்தது. மறுவருடம் அவர் மீண்டும் முயன்று இடம் பெற்றார் என்பது மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஓராண்டுக்கு யார் பொறுப்பு?

ஒரு சொல்லின் சுமை

இங்கே நம் மனத்தைச் சற்று ஆய்ந்து பார்ப்போம். தமிழகத்து மருத்துவமனைகளில் செவிலியரை நாம் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கிறோம். கன்னியர் மடத்துச் சகோதரியையும் அதே சொல்லால் அழைக்கிறோம். துறவற சபையினர் நோயாளரைப் பேணிய காலத்தின் எச்சம் இச்சொல். அன்பும் மதிப்பும் நிறைந்த சொல்தான். ஆனால் சொல்லோடு ஒரு சுமையும் வந்து சேர்ந்துவிட்டது. சகோதரி தம் விருப்பத்தோடு ஏற்ற ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடுகளை, எவ்வித வார்த்தைப்பாடும் கொடாத செவிலியரிடமும் நாம் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டோம். ஊதியம் கேட்டால், சேவைக்கு விலை பேசலாமா என்கிறோம். படிக்க விடுப்புக் கேட்டால், நோயாளியைப் பார்ப்பதைவிடப் படிப்பு பெரிதா என்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை பொறியியலில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் நன்றிப் பூசை வைக்கும் நாம், செவிலியர் ஒருவர் முதுகலைக்கு விண்ணப்பித்தால், ஊசி போடுபவருக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று வியக்கிறோம்.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் எவ்வளவு குறைவு என்பதை நாடே அறிந்தது, அவர்தம் சங்கம் உச்ச நீதிமன்றத்தை நாடியபோதுதான். நீதிமன்றத்தின் ஆணைப்படி 2016இல் அமைந்த குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் உள்ள சிறு மருத்துவமனைகளிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் வழங்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வளவேனும் கொடுங்கள் என்று ஒரு குழு சொல்ல வேண்டியிருந்தது என்றால், கல்விக் கட்டணத்துக்கு அவர்கள் எங்கே சேமிப்பர்?

ஆண்டுதோறும் மே 12ஆம் நாள், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாளில், செவிலியருக்கு மலர் கொடுத்து, மெழுகுவிளக்கு ஏற்றிப் பாராட்டுகிறோம். அந்த அம்மையாரின் கையிலிருந்த விளக்கை மட்டுமே நாம் நினைவில் வைத்தோம். மற்றொரு கையிலிருந்த கணக்கேட்டை மறந்துவிட்டோம். கிரிமியப் போரில் காயத்தால் மடிந்த வீரரைவிட நோயால் மடிந்தவரே மிகுதி என்பதை எண்களால் நிறுவி, 1858இல் வரைபடமாக்கி, அரசின் மனத்தை மாற்றியவர் அவர். இலண்டன் புள்ளியியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அப்பெருமையைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. நம் திண்டிவனத்துச் செவிலியர் இரவு விளக்கின்கீழ் எந்தப் பாடத்தைக் கண்டு அஞ்சினாரோ, அதே பாடத்தால்தான் நைட்டிங்கேல் உயிர்களைக் காத்தார். விளக்கைப் போற்றிக் கணக்கேட்டை மறுப்பது பாராட்டு ஆகாது.

லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியரையும் இவ்வொளியில் மீண்டும் படித்துப் பார்க்கலாம். அவர் இரங்கினார் என்பதோடு கதை முடியவில்லை. காயத்தின்மீது திராட்சை மதுவும் எண்ணெயும் வார்த்தார், கட்டினார், சுமந்து சென்றார், மறுநாளைய செலவுக்கும் வழி செய்தார். எதை வார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படிக் கட்டவேண்டும் என்றும் தெரிந்திருந்தது. அறிவு அவருடைய அன்பின் கையாக இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை நாம் முன்மொழியவில்லை. நம் பங்குகளில் இயலக்கூடிய சிலவற்றை மட்டும் நினைவூட்டுகிறோம். பங்கின் கல்வி நிதியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் செவிலியருக்கும் ஓர் இடம் இருக்கட்டும். புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம் இறைமக்களிடையே உள்ளனர். ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் அவர்கள் அளித்தால், சுற்றியுள்ள ஊர்களின் செவிலியர் பயன்பெறுவர். பங்கு நூலகத்தில் செவிலியப் பாடநூல்கள் சில இடம்பெறலாம். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் வீட்டுப் பணியைக் கணவரும் மாமியாரும் பகிர்ந்துகொள்வதும் ஒரு திருப்பணியே. நம்மவர் நடத்தும் மருத்துவமனைகள், சிறியனவோ பெரியனவோ, ஒருவருடைய சான்றிதழையும் பிணையாக வைத்துக்கொள்ளாதிருப்பது குறைந்தபட்ச நீதி. இரண்டாண்டு விடுப்போடு அனுப்பிய செவிலியர், கற்றுத் திரும்பும்போது ஒருவராய் வருவதில்லை. பத்துப் பேருக்கு ஆசிரியராய் வருகிறார்.

2023இல் நாடாளுமன்றம் தேசியச் செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டத்தை இயற்றியது. சட்டங்கள் வரும், நெறிகள் மாறும். ஆனால் ஒரு பெண் படிக்கத் துணிவதும் துணியாதிருப்பதும் பெரும்பாலும் அவள் வீட்டிலும் அவள் பணியிடத்திலும் அவள் ஆலயத்திலும் தீர்மானிக்கப்படுகின்றன.

உயர்கல்விக்கான விண்ணப்பங்கள் சிலவற்றில் ஒரு கேள்வி கேட்கப்படுவதுண்டு: நீர் ஏன் மேலும் கற்க விரும்புகிறீர்? பலர் இதற்கு விடையெழுதத் திணறுகின்றனர். திண்டிவனத்து, விழுப்புரத்துச் செவிலியர் திணற வேண்டியதில்லை. அவர்கள் ஊரிலேயே அதற்கான விடை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. ஓர் இரவில் மூவர் வந்து கதவைத் தட்டினர். உள்ளே இரக்கம் இருந்தது, கல்வி இல்லை. இனி ஒருமுறை அவ்வாறு நேரக்கூடாது.

அடுத்த முறை திண்டிவனத்தில் பேருந்து நிற்கும்போது, தேநீர்க் குவளையைக் கையில் ஏந்தியவாறு, பெயர் தெரியாமல் மறைந்த அம்மூன்று தாய்மாரை ஒரு கணம் நினைப்போம். நம் வீட்டிலோ பங்கிலோ இன்று விண்ணப்பத்தோடு காத்திருக்கும் செவிலியர் யாரேனும் உள்ளனரா என்றும் கேட்டுப் பார்ப்போம்.